துட்டிக்கு ஆகாத வாசனைகள்

வள்ளியூர் கடைத்தெருவில் அத்தர் விற்கும் ஒரு பாய், துக்கத்தோடு வருகிறவர்களுக்கு ரோஜா அத்தரைத் தொட்டும் காட்டமாட்டார். சந்தனமும் அப்படித்தான். மன ஆறுதலுக்கு என்று மற்றவர்கள் முதலில் எடுத்து நீட்டுகிற இரண்டு வாசனைகளும் இவர் கடையில் பின்வரிசைக்குப் போய்விடும். இந்தப் பக்கத்தில் துட்டி வீடு என்கிற, சாவு விழுந்த வீட்டில் பன்னீர் தெளிக்கிறார்கள், உடலுக்குச் சந்தனம் பூசுகிறார்கள், ரோஜா மாலை போடுகிறார்கள், தலைமாட்டில் ஊதுபத்தி கொத்தாகப் புகைகிறது. பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்து, "மனசு கெடந்து அடிச்சுக்கிடுது பாய், நல்லதா ஒண்ணு தாங்க" என்று கேட்கிற பெண்ணின் மூக்குப் பக்கம் ரோஜாவைக் கொண்டுபோனால், துட்டி வீடு கடைக்குள்ளேயே வந்துவிடும்.

அவருக்குப் பூர்வீகம் பக்கத்து ஏர்வாடி. திருநெல்வேலி–நாகர்கோவில் ரயில் பாதை திறந்த 1981 வாக்கில் அப்பாவோடு அத்தர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியவர். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் முகப்பு. தர்கா விழாவான கந்தூரி வந்தால் பொட்டல்புதூர், அல்லது நம்பியாறு கடலைத் தொடுகிற ஆத்தங்கரை பள்ளிவாசல். பெட்டிக்குள் துணி விரித்து, கண்ணாடி மூடி போட்ட குப்பிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கணக்கெல்லாம் தோலாவில். ஒரு தோலா 11.66 கிராம், கால் தோலா கேட்டால் 3 மில்லிக் குப்பி. கண்ணாடிக் குச்சியால் தொட்டு வாங்குகிறவரின் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார்கள். பெரியவர்கள் பஞ்சில் நனைத்துக் காது மடலுக்குள் செருகிக்கொள்வார்கள்.

கந்தூரிக் கூட்டத்தில் இந்துக்களும் நிறைய இருப்பார்கள், அத்தரும் வாங்குவார்கள். பிற்பாடு வள்ளியூரில் கடை போட்டபோது இந்தப் பழக்கம் உதவியது. குன்றைக் குடைந்த முருகன் கோவிலுக்குப் போகிறவரும், பாத்திமா அன்னை ஆலயத்துக்குப் போகிறவரும், தொழுகைக்குப் போகிறவரும் ஒரே பஜாரில்தான் சாமான் வாங்க வேண்டும். மூன்று பேர் வீட்டிலும் சாவு விழும், ஆனால் மூன்று வீட்டின் முறையும் வேறு. வாசனை விற்கிறவன் அந்த முறைகளைத் தெரிந்துவைத்திருக்காவிட்டால் நல்ல சரக்கு இருந்தும் பயனில்லை என்பது அவர் கட்சி.

இங்கே துக்கம் காப்பது வாசனையை விலக்கிவைப்பதில் ஆரம்பிக்கிறது. இந்து வீடுகளில் இறந்தவருக்கு எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டுவார்கள். இருப்பவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, சந்தனம் தொடக் கூடாது. காரியம் முடிந்து எண்ணெய் தேய்த்து முழுகினால்தான் துட்டி கழிந்ததாகப் பேர். முஸ்லிம் வீடுகளில் மய்யித்தைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேரும், உடலைச் சுற்றும் கஃபன் துணிக்கு வாசனை பூசப்படும். ஆனால் கணவனை இழந்த பெண் இத்தாவில் இருக்கும் 4 மாதம் 10 நாளும் அத்தரைத் தொடமாட்டாள். மற்ற உறவுகளுக்குத் துக்கம் மூன்று நாள்தான். இருக்கிற வாசனை அத்தனையும் போகிறவருக்கு, இருக்கிறவருக்கு ஒன்றும் கிடையாது என்கிற கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது.

பாய் அடிக்கடி சொல்கிற ஒரு ஹதீஸ் புகாரி தொகுப்பில் வருகிறது. நபியின் துணைவியாரான உம்மு ஹபீபாவின் தந்தை அபூ சுஃப்யான் இறந்துபோனார். கொஞ்ச நாளில் அந்த அம்மா மஞ்சள் நிற வாசனைப் பூச்சைக் கொண்டுவரச் சொல்லி, அதைத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டார். தனக்கு இப்போது வாசனையில் நாட்டமே இல்லை என்றும், கணவன் அல்லாத எவருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்று நபி சொன்னதைக் கேட்டிருப்பதால்தான் பூசுகிறேன் என்றும் அவர் விளக்கினாராம். மனசு தேறிய பிறகு பூசவில்லை, தேறாதபோதே பூசினார். இந்த இடத்தைச் சொல்லும்போது பாய் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு குப்பியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆகவே அவர் கடையில் முதல் கேள்வி வாசனையைப் பற்றியது அல்ல. யார் இறந்தது, எத்தனை நாள் ஆயிற்று, காரியம் முடிந்ததா, இத்தா இருக்கிறதா. பதிலைப் பொறுத்து "இப்ப வேண்டாம் தாயி, மொறை முடியட்டும், வாங்க" என்று திருப்பி அனுப்பிய வியாபாரமும் உண்டு.

விதவைகள் விஷயம் இன்னும் சிக்கல். பூவையும் பொட்டையும் பிடுங்கிக்கொள்கிற பழக்கம் தேய்ந்துகொண்டு வருகிறது என்றாலும், புருஷன் போன ஆறாம் மாதத்தில் ஒரு பெண் மணத்தோடு பஸ்ஸில் ஏறினால் பார்க்கிற பார்வை இன்னும் போகவில்லை. "மவளுக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போறேன் பாய்" என்று கூச்சத்தோடு சொல்லும் பெண்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களுக்குக் கழுத்திலோ மணிக்கட்டிலோ பூசச் சொல்வதில்லை. முந்தானையின் உள்ளோரத்தில் ஒரு சொட்டு. வேண்டும்போது முகத்தைத் துடைக்கிற மாதிரி எடுத்து முகர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவருக்கு எட்டாது. இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் ஊர் வாய்க்குப் பயப்படுகிறவளுக்கு வாசனையை விட இந்த யோசனைதான் அதிகம் உதவியிருக்கும் என்று தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னால், தமிழ்நாட்டுத் துட்டி வீடுகளின் முதல் ஆறுதல் தைலம் அத்தர் கிடையாது. அமிர்தாஞ்சன்தான். அழுது அழுது தலைவலி வந்த அத்தையின் நெற்றியில் யாரோ ஒருத்தி அரக்கித் தேய்ப்பாள், மயங்கிச் சாய்ந்தவளின் மூக்கில் கோடாலித் தைலத்தைக் காட்டுவாள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் 1914-ல் சென்னைக்கு வந்தது. சிங்கப்பூரில் 1928-ல் பிறந்த கோடாலித் தைலம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் ஊர் ஊராக நுழைந்தது. பாய் கடையிலும் அது உண்டு. "ஊரழுற அழுகைக்கு எங்கிட்ட இருக்குற அத்தரெல்லாம் பத்தாது, அந்தச் சின்னக் குப்பி பாத்துக்கிடும்" என்பார். கேலியாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. புதினா உப்பு என்கிற மென்தாலும் கற்பூரமும் மூக்குக்கு மணமாகப் படுவதோடு நிற்பதில்லை. முகத்தின் தொடு உணர்வையும் குளிர்ச்சியையும் சுமக்கும் இன்னொரு நரம்பையும் சீண்டுகின்றன. அந்தச் சில்லிப்பு, அழுகைக்கு நடுவே ஆளைத் தன் உடம்புக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது இது நன்றாகத் தெரிந்தது. அப்பாவையோ அண்ணனையோ பறிகொடுத்தவர்கள் வந்தார்கள். உடலை முகம் பார்க்கக்கூட முடியவில்லை. குளிப்பாட்டவில்லை, பன்னீர் இல்லை, மாலை இல்லை. அவர்களில் சிலருக்கு அதே நோயில் மோப்பமும் போயிருந்தது. எந்தக் குப்பியைத் திறந்தாலும் ஒன்றும் இல்லை என்று தலையசைத்தார்கள். அவர்களுக்குப் புதினா உப்பு சேர்ந்த தைலத்தைக் கொடுத்தார் பாய். மணம் தெரியாவிட்டாலும் குளிர்ச்சி தெரியும். அது போதும் என்றவர்களும் உண்டு, இது எதற்கு என்று வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

மணம் ஏன் இவ்வளவு உள்ளே போய்த் தைக்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழியைக் காட்டுகிறார்கள். கண்ணும் காதும் அனுப்புகிற சேதி மூளையில் தலாமஸ் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து மேலே போகும். மூக்கின் சேதி அந்த இடத்தில் நிற்காமல், அச்சத்தையும் ஆசையையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. மூக்கில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகளை 1991-ல் அடையாளம் கண்ட லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் 2018-ல் எலிகளை லினலூல் என்ற பொருளை முகரச் செய்து பார்த்தார்கள். அவற்றின் பதற்றம் குறைந்தது. மோப்பம் இழந்த எலிகளுக்குக் குறையவில்லை. லாவெண்டரின் மணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த லினலூல்.

இதைக் கைபேசியில் பார்த்துவிட்டு இளவயதுக்காரர்கள் லாவெண்டர் கேட்டு வருகிறார்கள். இப்போது ஜம்முவின் பதேர்வாப் பக்கத்தில் விளைகிறது, சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாய் அதை எடுத்துக் கொடுக்குமுன் ஒன்று விசாரிப்பார்: இறந்தவர் ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தார்? தரை துடைக்கும் திரவங்களில் லாவெண்டர் மணம் சகஜம். நாள்கணக்கில் வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவருக்கு லாவெண்டர் என்றால் ஈரத் தரையும் ட்ரிப் ஸ்டாண்டும்தான். எலிக்கு வார்டு வராந்தா இல்லை.

சரி, ரோஜா வேண்டாம், சந்தனம் வேண்டாம், சிலருக்கு லாவெண்டரும் வேண்டாம். பிறகு என்னதான் தருகிறார்?

பெரும்பாலும் வெட்டிவேர். இந்த ஊரில் அதற்குச் சாவோடு உறவில்லை. சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீருக்குள் போட்ட வேர்முடிச்சு, சன்னலில் தொங்கி ஈரம் சொட்டிய தட்டி, ஆச்சி வீட்டுப் பரண், இவையெல்லாம்தான் நினைவுக்கு வரும். மேலே கிளம்பி வீசுகிற மணம் இல்லை அது. தோலோடு ஒட்டிக் கீழே தங்கும். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் பயிராகும் வேரிலிருந்து எடுக்கும் எண்ணெய் பழுப்பாக, பாகுப் பதத்தில் இருக்கும். வடக்கே காட்டு வேரைச் செம்புப் பாத்திரத்தில் வடித்து எடுப்பது பச்சையாக இருக்கும். ரூஹ் கஸ் என்பார்கள். விலை ஆயிரக்கணக்கில் ஏறும், அதை வள்ளியூரில் கேட்பாரில்லை.

அத்தர் வடிக்கும் முறையைப் பாய் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். பெரிய செம்பு அண்டா. அதில் பூவும் தண்ணீரும். மூடியைக் களிமண்ணால் பூசி அடைக்கிறார்கள். மூங்கில் குழாய் ஒன்று அண்டாவிலிருந்து ஆவியை, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்திய குடத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தக் குடத்துக்குள் முதலிலேயே சந்தன எண்ணெய் இருக்கும். ஆவியில் வருகிற மணத்தை அது வாங்கிக்கொள்ளும். அழுத்தமானியோ வெப்பமானியோ கிடையாது, அண்டாவைத் தொட்டுப் பார்க்கிற கைதான் கணக்கு. சந்தன மரம் அருகி விலை எகிறிய பிறகு, பலர் அந்த இடத்தில் திரவப் பாரஃபினை ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் கீழே 'காம்பவுண்ட்' இருக்கிறது, முழுக்க ஆலையில் செய்த மணப்பொருள்களின் கலவை. அதை விற்பதைப் பாய் பாவமாக நினைப்பதில்லை; கல்யாண வீட்டுக்கு அது போதும். துக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தரமாட்டார். காம்பவுண்ட் திறந்த உடனே உரக்கப் பேசும், அரைமணி நேரத்தில் வேறு ஆளாகிவிடும். நொந்துபோன மூக்குக்கு அந்த மாற்றம் குமட்டும்.

கன்னோஜிலேயே மண் அத்தரும் செய்கிறார்கள். சுட்ட மண் ஓடுகளை அண்டாவில் போட்டு வடித்தால், காய்ந்த பூமியில் முதல் மழை விழுந்த மணம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் ஐசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-ல் மழை மணத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில்கூட இந்த உத்தரப் பிரதேசத்து அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மழைக்காக ஐப்பசி வரை காத்திருக்கிற வள்ளியூர் மாதிரி ஊரில் இதை மிஞ்சி என்ன வேண்டும்? அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் இதற்கும் பாய் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: "அடக்கம் பண்ணுனீங்களா, எரிச்சீங்களா?" குழிக்குள் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தவரிடம் ஈர மண்ணின் மணத்தை நீட்டக் கூடாது. முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு, புதைக்கும் வழக்கம் உள்ள இந்து வீடு மூன்றுக்கும் மண் அத்தர் இல்லை. எரித்தவர்களுக்குத் தாராளமாக உண்டு. அவர்களிடம் சாம்பிராணியையும் புகை மணக்கும் ஊது அத்தரையும்தான் ஒளித்துவைக்க வேண்டும்.

கொழுந்து என்று இங்கே சொல்கிற மரிக்கொழுந்தும் சிலருக்கு ஒத்துப்போகிறது. ஆரல்வாய்மொழி தாண்டினால் தோவாளை. அங்கே விடியுமுன் கூடுகிற பூச்சந்தையில் பிச்சியும் கொழுந்தும் வந்து இறங்கும். பூ வைக்க முடியாமல் போன பெண்களுக்குப் பிச்சி அத்தர் குத்தும். கொழுந்து இலைதானே, பூ இல்லையே என்று அவர்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிப்போகிறார்கள். பாய் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை.

கலக்கிற முறையில் கறார். சுத்தமான எண்ணெயைத் தோலில் நேராகப் பூசக் கூடாது. நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். 6 மில்லி ரோல்-ஆன் குப்பிக்கு இரண்டு, மூன்று சொட்டுதான் வரும். மீதி எல்லாம் தாங்கு எண்ணெய். நல்லெண்ணெய்க்குத் தன் மணமே பெரிது. தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறையும், அதோடு அது இந்த ஊரில் எல்லார் தலையிலும் மணக்கிறது. அதனால் உறையாதபடி பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெயை வாங்கி வைத்திருக்கிறார். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பார்க்க வேண்டும். வெயில் படும் இடத்தில் குப்பியை வைத்தால் எண்ணெய் கெடும். கெட்ட எண்ணெய்தான் அதிகம் அரிக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கற்பூரம் சேர்ந்த எதுவும் கிடையாது, குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். ஆடி மாதத்தில் கடை வாசலில் மணம் காட்டுவதே இல்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, குச்சியை எடுக்குமுன் மணத்தை ஊர் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

அவரால் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. "எங்கம்மா வாசம் வேணும்." விசாரித்தால் அந்த அம்மா அத்தரே பூசியிருக்கமாட்டாள். பீடி சுற்றியவளாக இருப்பாள். இலையும் புகையிலைத் தூளும் விரலில் ஏறி, முகத்துக்குப் போட்ட பவுடரும் வியர்வையும் கலந்து வந்த மணம் அது. திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாய் மணம் இதுதான். பாய் இதற்குக் காசு வாங்குவதில்லை, யோசனை மட்டும் சொல்வார்: துவைக்காத சேலை ஒன்று இருந்தால் அதைத் துவைக்காதீர்கள், மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் மடித்து வையுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள், பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள்.

துக்கம் மருத்துவரிடம் போகவேண்டிய அளவு முற்றுவதையும் அவர் கண்டிருக்கிறார். வருஷம் திரும்பிய பிறகும் சோறு இறங்காமல், தூக்கமில்லாமல், வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிறவருக்கு எண்ணெய் போதாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் 2022-லிருந்து இப்படி நீடிக்கும் துக்கத்துக்குத் தனி இடம் உண்டு. பெரியவர்களுக்கு 12 மாதம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பாய்க்கு அந்த வகைப்பாடு தெரியாது. ஆனால் மூன்றாவது தடவை அதே ஆள் அதே முகத்தோடு வந்தால், பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எந்த நாளில் என்று விசாரித்துச் சொல்லி அனுப்புவார். 14416 என்ற அரசு உதவி எண்ணைக் கடைப் பலகையின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்.

இப்போது கடையில் மகன்தான் உட்காருகிறான். ஆன்லைனில் விற்கிற 'ஸ்ட்ரெஸ் ரிலீஃப்' ரோல்-ஆன்களைக் காட்டி, நாமும் 'துக்க நிவாரணி' என்று லேபிள் அடிப்போம் என்கிறான். பாய் மறுக்கிறார். வாசனை என்று விற்கிறவரை அது வாசனை. தீர்க்கும் என்று எழுதினால் சட்டத்தின் கண்ணில் மருந்தாகிவிடும், அதற்கு வேறு உரிமம், வேறு கேள்வி. 1954-லேயே அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்துவிட்டது என்பதை ஒரு வக்கீல் வாடிக்கையாளர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். "லேபிளப் பாத்து வாங்குனா, யாரு செத்துப்போனான்னு நம்ம எப்படிக் கேக்குறது?" என்கிறார். மகன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. லேபிளில் இப்போதைக்கு வெட்டிவேர், 6 மி.லி., கலந்த மாதம் என்று மட்டும் அச்சாகியிருக்கிறது.